மகாராணிக்கு வேகவைத்த பேரிக்காய்

"பேரிக்காய் வெந்துதா இல்லையா? இல்ல, அதுக்கும் நான்தான் வந்து நிக்கணுமா?"

மாமியாரின் சத்தம் சமையலறையைத் தாண்டி, ஒன்பதாவது மாடி முழுக்கக் கேட்டது. அவளுக்கு வலது காது அடியோடு போய் பதினைந்து வருஷம் ஆகிறது. இடது காது பாதி. காதில் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னால், "அதெல்லாம் கிழவிங்க மாட்டுறது" என்பாள். எழுபத்திரண்டு வயது!

"வெந்துடுச்சு அத்தை," என்றாள் யுன்ஷு. அது அத்தைக்குக் கேட்டிருக்காது. அந்த வீட்டில் யுன்ஷு பேசுவது யாருக்கும் கேட்டு வழக்கமில்லை.

மூடியைத் திறந்தாள். பீங்கான் கிண்ணத்தில் பேரிக்காய், கற்கண்டுப் பாகில் கண்ணாடியாக வெந்து கிடந்தது. தினமும் காலையில் ஒன்று. தொண்டைக்கு நல்லது. யார் தொண்டைக்கு? மகாராணி ஃபாங் சிங்யாவின் தொண்டைக்கு! தோலும் நடுக்கொட்டையும் யுன்ஷுவுக்கு. அவற்றை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, நின்றபடியே குடித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவாள். பதினான்கு வருஷமாக இதுதான் நடக்கிறது.

ஒன்பதரை மணிக்குச் சிங்யா அறையைவிட்டு வந்தாள். முகத்தில் ஈரக் காகித முகமூடி, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று. வயது முப்பத்தொன்பது. இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் தொடரில் பதினேழு வயதுப் பெண்ணாக அரண்மனைக்குள் நுழைந்து, நாற்பதாவது பாகத்தில் சக்கரவர்த்தினி ஆகியிருந்தாள். அவளுக்கு அம்மாவாக நடித்தவளுக்கு வயது முப்பத்தாறு. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களுக்கு அடுத்த தொடரில் வேஷம் இல்லை.

"அண்ணி, இன்னிக்கு ஏன் இவ்வளவு இனிப்பு? நான் குண்டாகணும்னே போடறீங்களா?"

"அளவாத்தான் போட்டேன் சிங்யா."

"அவ கைக்கு என்னிக்கு அளவு தெரிஞ்சிருக்கு!" என்றாள் மாமியார், மகளின் முகம் சுளித்ததைப் பார்த்து. "நீ சாப்பிடும்மா. நாடே கேக்குற குரல். இவளுக்கென்ன, ஸ்டுடியோவுக்கு உன் பின்னாடி தண்ணி பாட்டில் தூக்கிட்டு வர்றவ."

சிங்யா குனிந்து பேரிக்காயைக் கிண்டினாள். யுன்ஷு அடுப்பைத் துடைத்தாள். இருவருக்கும் உண்மை தெரியும். கிழவிக்கு மட்டும் தெரியாது.

யுன்ஷுவும் நடிகைதான். நாடகக் கல்லூரியில் முதல் மாணவி. ஒரே ஒரு தொடரில் கதாநாயகி. இரண்டாவது தொடர் கைக்கு வந்தபோது வயிற்றில் பிள்ளை. "ஒரு வீட்டுக்கு ஒரு நடிகை போதும்" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னாள். அந்த வேஷம் நாத்தனாருக்குப் போயிற்று. நாத்தனாருக்கு முகம் இருந்தது. குரல்தான் தகரத்தில் ஆணி கீறுகிற குரல். தயாரிப்பாளர் ஒரு வாரத்தில் அவளைத் துரத்தப் பார்த்தார். அப்போதுதான் யுன்ஷுவின் கணவன் தேமின், அந்த உத்தம புருஷன், பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரே ஒரு தடவை... குடும்பத்துக்காக..." ஒன்பது மாத வயிற்றோடு, இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று, நாத்தனாரின் உதடு அசைவுக்கெல்லாம் யுன்ஷு பேசினாள், அழுதாள், சிரித்தாள்.

தொடர் ஓடியது. 'என்ன குரல்! என்ன குரல்!' என்று ஊர் உருகியது. அதன் பிறகு ஒரே ஒரு தடவை என்பது பதினான்கு வருஷமாக நீண்டது. தொடர் முடிவில் ஓடும் பெயர்களில் அவள் பெயர் இல்லை. குரல் கொடுப்பவர்களின் பெயர் போடுவது வழக்கம்தான். ஆனால் சிங்யா 'சொந்தக் குரல் நடிகை' அல்லவா! அவளுக்கு வசனம் படிக்கிற வேலையும் மிச்சம். காமிராவுக்கு முன்னால் வாய் அசைந்தால் போதும் என்றானபின் எதற்கு மனப்பாடம்? ஒன்று இரண்டு மூன்று சொன்னால் போயிற்று. வாய் அசையும், கண்ணில் தண்ணீர் வரும். மீதியை அண்ணி பார்த்துக்கொள்வாள்.

வாசற்கதவு படீரென்று திறந்தது. தேமின் செருப்பைக்கூட மாற்றாமல் உள்ளே வந்தான். தங்கையின் கால்ஷீட்டைக் கவனிப்பதுதான் அவன் உத்தியோகம். அவள் வளர்ந்தாள், இவனுக்குத் தொப்பை வளர்ந்தது.

"முடிஞ்சுபோச்சு! எல்லாம் முடிஞ்சுபோச்சு!" போனைத் தங்கையின் முகத்துக்கு எதிரே நீட்டினான். "நேத்து ராத்திரியில இருந்து நாலு கோடி பேரு பாத்துட்டானுங்க!"

அதில் ஒரு துண்டுப் படம் ஓடியது. சக்கரவர்த்தினி உடையில் சிங்யா, இறந்துபோன சக்கரவர்த்தியின் மார்பில் விழுந்து கதறுகிறாள். கண்ணீர் ஆறாக ஓடுகிறது. அந்தத் தகரக் குரல் மட்டும் சொல்கிறது: "ஒண்ணு... ரெண்டு... மூணு நாலு... ஐயோ, அஞ்சு ஆறு ஏழு!" பிணமாகக் கிடந்த சக்கரவர்த்திக்கு வயிறு குலுங்குவதும் தெரிந்தது.

சிங்யாவின் முகமூடி நழுவிப் பேரிக்காய்க் கிண்ணத்தில் விழுந்தது.

"விருதுக்கு எழுதிக் கொடுத்த தாள்ல, சொந்தக் குரல்லதான் நடிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே அண்ணா... அடுத்த வாரம் முடிவு சொல்றாங்களே..."

"யாரு எடுத்தது? சொல்லு! அந்த இடத்துல வெளியாள் ஒருத்தன் போன் கொண்டுபோக முடியாது. நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தான் உள்ள!" தேமின் மெல்லத் திரும்பினான். "அன்னிக்கு அங்க நீ இருந்தே."

"சிங்யா மூச்சு எங்க விடறா, எங்க விம்மறான்னு குறிச்சுக்கத்தான் நான் வந்தேன். எப்பவும் வர்றதுதானே?"

"இது என்ன பை?" கதவோரம் சாத்தியிருந்த துணிப்பையைக் காலால் தள்ளினான். "எங்க கிளம்பிட்டே?"

யுன்ஷு கையைத் துடைத்துக்கொண்டாள். இதைத்தான் இன்று காலை சொல்வதாக இருந்தாள். இப்படி அல்ல.

"லூ சுவான் ஒரு படம் எடுக்கிறா. முன்னாடி ஒலிப்பதிவுல இருந்தாளே, அவ. பதினாலு வருஷம் என் குரலை மட்டும் கேட்டவ, இப்ப முகத்தையும் சேத்துக் கேக்கறா. மீன் கடைக்காரி வேஷம். அங்கேயே பேசி அங்கேயே பதிவு. இன்னிக்கு மூணு மணிக்கு ஷாவ்ஷிங் ஊர்ல ஊதுபத்தி ஏத்தி ஆரம்பிக்கிறாங்க."

"பாத்தியா! பாத்தியா!" சிங்யா துள்ளி எழுந்தாள். "இதுக்குத்தான் என்னை நாற அடிச்சீங்களா அண்ணி? நாப்பத்திரண்டு வயசுல மீன் கடைக்காரியா நடிக்க, என் பதினாலு வருஷத்தை எரிச்சுட்டீங்களே!"

"உன் பதினாலு வருஷமா?"

"நீ திரையில வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியுமா?" தேமின் கிட்டே வந்தான். "ஜனங்க அதை சிங்யா குரல்னுதான் சொல்லுவாங்க. அந்தக் குரல் உன்னோடது இல்ல இனிமே. குடும்பத்தோடது!"

அவனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அதை உண்மை என்றே நம்பிச் சொன்னான். யுன்ஷு அவன் சட்டையில் இருந்த கஞ்சிக் கறையைப் பார்த்தாள். அதை இன்றைக்குத் துவைக்க வேண்டியதும் அவள்தான்.

"கேளு. பத்து மணிக்கு ஒரு நிருபர் கூப்பிடறான். நேரலை. சிங்யா மாதிரி நீ பேசு. 'ஒத்திகையில விளையாட்டுக்கு எண்ணினேன்'னு சொல்லு. அந்த அழுகை வசனத்தை ஒரு தடவை பேசிக் காட்டு, ஊரு வாயை மூடிக்கும். அப்புறம் லூ சுவானுக்கு வரலைன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

மாமியாருக்குப் பாதிதான் கேட்டது. ஆனால் மகளின் கண்ணீர் முழுசாகத் தெரிந்தது. ஊன்றி எழுந்து வந்தாள்.

"என்னடி செஞ்சே என் பொண்ணை? யாரோ அவளைப் படம் எடுத்து மானத்தை வாங்கிட்டாங்கன்னு சொல்றாங்களே, நீதானா? உக்காந்து தின்ன கொழுப்பு! தனக்கு இல்லாத பேரு அவளுக்கு வந்துடுச்சேன்னு பொறாமை! போன வாரம் ஸ்டுடியோவுல நான் கண்ணால பாத்தேன், என் பொண்ணு அழுத அழுகையை. கல்லும் கரையும்! உனக்கு அப்படி ஒரு வரி பேச வருமா?"

"அத்தை... நான் எடுக்கல."

"சத்தமா பேசு! வாய்க்குள்ளயே முனகுறா பாரு!"

அப்போது மாமியாரின் போன் கிணுகிணுத்தது. ஏரிக்கரையில் தினமும் சேர்ந்து ஆடும் பெண்களின் குழு. காது கேளாததால் அவள் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைத்துக் கேட்பாள். இன்றும் பழக்கதோஷத்தில் விரலை அழுத்தினாள். கூடம் அதிர ஒரு பெண் குரல் வந்தது.

"குவெய்ஜென் அக்கா! நீங்க போன வாரம் நம்ம குழுவுல போட்டீங்களே, சிங்யா அழுற வீடியோ, அதை என் மருமகன் ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான் அக்கா! எங்க பாத்தாலும் அதான்! என்ன அழகா அழுதுகிட்டே எண்ணுறா! ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி அழுறது புது முறையா அக்கா? இன்னொண்ணு இருந்தா அனுப்புங்க!"

தேமினும் சிங்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன எண்ணினாளாம்?" என்றாள் மாமியார். "பெருமைக்குத்தானே அனுப்பினேன்... நான் உக்காந்திருந்த நாற்காலியில இருந்தே எடுத்தேன்... கண்ணீர் அவ்வளவு நல்லா தெரிஞ்சுது..." மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "டேய், வாயைத் திறந்து சொல்லுங்கடா. அவ என்ன எண்ணினா?"

வீட்டில் அவள் தொடர் பார்ப்பதெல்லாம் திரையின் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான். மகளின் வாய் அசையும், எழுத்து ஓடும், கிழவி மூக்கைச் சிந்துவாள். இவ்வளவு வருஷமும் அவள் கைதட்டியது எழுத்துக்கு.

யுன்ஷுவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தேமின் தலையைச் சொறிந்தான். "சரி, அம்மா தெரியாம செஞ்சுட்டாங்க. விடு. மணி பத்தாகுது, நீ தயாரா இரு."

யுன்ஷு அவனையே பார்த்தாள். இந்த ஆளுக்காகவா... ஹாஸ்டலில் இருக்கிற தன் மகள் நியான், போன மாதம் கேட்டது ஞாபகம் வந்தது. 'அம்மா, டிவியில அத்தை பேசுறப்ப எல்லாம் நீ என்னைக் கூப்பிடற மாதிரியே இருக்கே, ஏன்?' அன்று பேச்சை மாற்றினாள். வெட்கமாக இருந்தது.

தேமினின் போன் அடித்தது. அவன் ஒலிபெருக்கியைப் போட்டு அவள் கையில் திணித்தான். "பேசு! பேசுடி!"

"வணக்கம், சிங்யா மேடம்! நேரலையில இருக்கீங்க. அந்த வீடியோவைப் பத்தி என்ன சொல்றீங்க?"

யுன்ஷு போனை ஒரு கணம் பிடித்திருந்தாள். பிறகு மேசையைச் சுற்றி நடந்து போய், நாத்தனாரின் முன்னால் அதை வைத்தாள்.

"உனக்கு வந்த போன்," என்றாள் மெதுவாக. "உன் வாய். நீயே பேசு."

சிங்யா ஒரு அடி பின்னால் போனாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவள் குனிந்து பேசினாள்.

"ஹலோ... நான்... நான் சிங்யா பேசறேன்... அது வந்து, சும்மா விளையாட்டுக்கு..."

எதிர்முனையில் நிருபர் அவசரப்பட்டான்.

"சரிங்கம்மா. நீங்க வீட்டுல வேலை செய்றவங்களா? கொஞ்சம் மேடத்துகிட்ட போனைக் கொடுங்களேன்."

"நான்தான்... நான்தான் சிங்யா!"

"நேரலைம்மா, விளையாடாதீங்க. மேடம் குரல் எங்களுக்குத் தெரியாதா?"

சிங்யா போனை அணைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை எண்ணாமல் அழுதாள். பதினான்கு வருஷத்தில் அவள் உண்மையாக அழுதது அதுவாகத்தான் இருக்கும். பார்க்கத்தான் சகிக்கவில்லை. இடது காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பியிருந்த மாமியார், மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

யுன்ஷு மேலங்கியை எடுத்து மாட்டினாள்.

"எங்க போற? கஞ்சி யாரு வைப்பா? மதியத்துக்கு என்ன?" என்றான் தேமின். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் தோன்றியது.

"அரிசி டப்பாவுல இருக்கு. தண்ணி குழாயில வரும்," என்றாள் யுன்ஷு.

பையைத் தூக்கியபோது சமையலறையில் கிண்ணம் உரசும் சத்தம் கேட்டது. மாமியார் நேற்று வாங்கிய பேரிக்காய் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வேகவைக்க நேரமில்லை. கத்தியால் தோலைச் சீவியிருந்தாள், கோணல் மாணலாக.

"நீதானா?" என்றாள். "இத்தனை வருஷமா... நீதானாடி பேசினே?"

யுன்ஷு தலையசைத்தாள்.

"தோலைக் குடுத்தேனே உனக்கு... கொட்டையைக் குடுத்தேனே..." கிழவியின் தாடை ஆடியது. "எனக்கு யாரும் சொல்லலையே! நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா அத்தை?"

மாமியார் பேரிக்காயை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். யுன்ஷு அங்கேயே நின்று அதைக் கடித்துத் தின்றாள். சாறு மணிக்கட்டில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாமியார் பின்னாலேயே வந்து அவள் தோளைப் பிடித்தாள். தலையைச் சாய்த்து இடது காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இந்தக் காது கொஞ்சம் கேக்கும். போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ. முனகாதே. அங்க பேசுற மாதிரி பேசு."

அந்த வீட்டில் ஒருநாளும் பேசியிராத குரலில், நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, யுன்ஷு சொன்னாள்.

"போய்ட்டு வரேன், அத்தை!"

கூடத்தில் சிங்யாவின் விம்மல் நின்றது. மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட் கீழே இறங்கி வெகு நேரம் ஆன பிறகும், அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளே போனது வெளியே வந்துவிடக் கூடாது என்பதுபோல் அவள் அப்படியே இருந்தாள்.