தினம் ஒன்று

டெலிபோன் அலறியது.

மருந்துக்கடைக்காரி உடனே எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். எதிர் க்ளினிக்கில் கூட்டம் நெரியும் நேரம். அந்த நேரத்தில் டாக்டர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. பதினோரு வருடமாக அவள்தான் அவரைக் கூப்பிடுவாள்.

நாலாவது மணியில் எடுத்தாள்.

"டெய்லரம்மா செத்துட்டாங்க" என்றார் டாக்டர்.

"எந்த டெய்லரம்மா?"

தெரிந்தேதான் கேட்டாள்.

இரண்டு கடை தள்ளி ரவிக்கை தைப்பவள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். மூட்டுவலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒன்று மட்டும் போட வேண்டியது. அவள் பதிமூன்று நாள், தினமும் போட்டிருக்கிறாள். வாயெல்லாம் புண். ரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டைப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்களாம். டாக்டர் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தார்.

"வாரம் ஒண்ணுன்னுதான் எழுத நினைச்சேன். கை தினம் ஒண்ணுன்னு எழுதிடுச்சு. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேனே."



டாக்டருக்கு நோய் தெரியும். பேனாதான் அவர் பேச்சைக் கேட்காது. ஒரு சைபர் கூடிவிடும். கைக்குழந்தைக்குத் தாத்தாவின் அளவு விழும். சீட்டு எதிர்க்கடைக்கு வந்ததும் அவள் போனை எடுப்பாள். அரையா, முழுசா டாக்டர் என்று கேட்பாள். அரைம்மா, அரை என்பார். நோயாளிக்குத் தெரியாமலே உயிர் திரும்பி வரும். டாக்டருக்குக் கைராசி என்று தெருவே பேசிக்கொண்டது.

அந்தக் கைராசி எதிர்க்கடையில் இருந்தது!

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். க்ளினிக்கின் முன்னறையில் அவருடைய மச்சான் மருந்துக்கடை திறக்கப் போகிறானாம். அடுத்த மாதத்திலிருந்து சீட்டெல்லாம் அங்கேதானாம். அவள் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தச் சீட்டோடு வருகிறவர்கள். சீட்டு நின்றால் கடை நின்றது. எல்லாம் போகட்டும், இனி யார் சரிபார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார்.

"என்னத்தைம்மா சரிபார்க்கறீங்க? நான் எழுதறேன், நீங்க எடுத்துக் குடுக்கறீங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

அதற்கு ஐந்தாம் நாள் டெய்லரம்மா வந்தாள். வீங்கிய விரல்களால் சீட்டை நீட்டினாள். தினம் ஒன்று, முப்பது நாள். மருந்துக்கடைக்காரியின் கை தானாகவே போனுக்குப் போனது. எடுத்தாள். காதில் வைத்தாள்...

திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

முப்பது மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டாள்.

"தினமுமாக்கா? போன வாட்டி ஊசிக்கே மயக்கம் வந்துச்சே."

"டாக்டர் எழுதியிருக்காரும்மா."

டெய்லரம்மா உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இப்போது போனில் டாக்டர் கெஞ்சினார். மச்சானை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஆயுசுக்கும் என் சீட்டு உங்கள் கடைக்குத்தான் என்றார். பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்று சொன்னால் போதுமாம். சீட்டைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று.

"எப்படி டாக்டர் சொல்றது? பதினோரு வருஷத்துல அன்னிக்கு ஒருநாள்தான் உங்க எழுத்து தெளிவா இருந்துச்சு."

போனை வைத்தாள். வாய்விட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது. இரண்டு கடை தள்ளி மூடிக் கிடந்த ஷட்டரை எட்டிப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தாள். இருவரையும் க்ளினிக்கில் எதிரெதிரே உட்கார வைத்தாள். டாக்டர் வேர்வையில் நனைந்திருந்தார். இருபது வருடத்தில் இதுதான் முதல் தப்பு, சத்தியமாக முதல் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் இளகியது.

மருந்துக்கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை.

தெருவைக் கடந்து ஓடினாள். இரண்டு தடித்த நோட்டுகளோடு திரும்பி வந்தாள். தேதி, நோயாளி, அவர் எழுதியது, அவள் திருத்தியது... இருநூற்றுப் பன்னிரண்டு தப்புகள்! மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா நிதானமாகப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது போன வருஷம். இதே மாத்திரை. இதே தினம் ஒண்ணு. 'உயிர் போயிடும், உடனே போன்'னு சிவப்பு மையில எழுதியிருக்கு. உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் மேடம்." அவள் குரலில் பெருமை இன்னும் வடியவில்லை.

"அப்ப தினம் போட்டா உயிர் போகும்னு உங்களுக்குத் தெரியும்."



 நான் வெறுமனே எடுத்துக் கொடுக்கிறவள், சரிபார்ப்பதெல்லாம் என் வேலையே இல்லை என்று உளறினாள்.

டாக்டர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"யார் சொன்னது? இவங்க கண்ணுல படாம ஒரு மாத்திரை வெளிய போகாது மேடம். இந்தத் தெருவோட உயிரே இவங்க கையிலதான். நான் பேருக்கு டாக்டர்."

பதினோரு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்!

இன்ஸ்பெக்டரம்மா நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்குக் கவனக்குறைவு. உங்களுக்குக் கொலை."

அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்ப வேண்டியிருந்தது.

வாசலில் ஒரே ஒரு ஜீப்தான் நின்றது. இன்னொன்றுக்குச் சொல்லவா என்று கான்ஸ்டபிள் கேட்டான்.

"எதுக்கு? ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல உட்கார வை" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "இத்தனை வருஷமா நடுவுல ஒரு ரோடு இருந்துச்சு, பாவம்."