ஏலக்காட்டுத் தூளி

நேசபாய் இழுக்காமலே தூளிக் கயிறு ஒருமுறை சுண்டியது. பயல் காலை உதைக்கிறான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கீரிப்பாறைக்கு மேலே, துரையின் ஏலத்தோட்டத்தில் பிள்ளைக்காரிகள் எல்லாரும் செய்கிற வேலைதான். மரக்கொம்பில் பழம்புடவையால் தூளி கட்டி, அதிலிருந்து ஒரு நீளக் கயிற்றை இடுப்பில் முடிந்துகொள்வார்கள். குனிந்து காய் பறிக்கப் பறிக்கத் தூளி ஆடும். கயிறு கனத்தால் பிள்ளை உள்ளே இருக்கிறது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதாகப் பெற்ற ஆபேலை அவள் அந்தக் கயிற்றை நம்பித்தான் விட்டிருந்தாள்.

மூடுபனி இறங்கி, ஏலச்செடியின் பச்சை வாசனையும் அழுகிய இலையின் நெடியும் கலந்து மூக்கில் அப்ப, உச்சிக் கொம்புகளில் ஏதோ தொம், தொம் என்று குதித்துக் குதித்துத் தூளிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மரச்சாடியாக்கும்," என்றாள் பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த ஜெபமணி. "ஆள் ஒசரம் இருக்கும், மரத்துக்கு மரம் குதிச்சுச் சாடும். இலை திங்குற சாது. வயித்துப் பையில குட்டியச் சொமக்கும். இதுக்க குட்டி செத்துப்போச்சு மக்கா. ஆனாலும் கீழ போடாம தூக்கிட்டே அலையுது."

"ஐயோ, பாவம்." நேசபாய் மனதாரத்தான் சொன்னாள். பெற்றுப் பறிகொடுத்தவளுக்குத் தெரியாதா அந்த வேதனை?

சத்தம் நின்றது. கயிறு லேசானது. அவள் நிமிர்வதற்குள் மறுபடி கனத்தது. புரண்டு படுக்கிறான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஆட்டினாள்.

பால் கட்டி மார் வலித்தது. இந்நேரம் அழுதிருக்க வேண்டுமே.

அழவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு ஓடினாள். நாற்றம். அழுகின நாற்றம். புடவையை விலக்கினாள்.

மயிர் உதிர்ந்த ஒரு சின்ன உடம்பு. ஊதிய வயிறு. ஒட்டிப்போன கண். ஆபேலின் துணியை அதன் கழுத்து வரை பக்குவமாகப் போர்த்தியிருந்தது.

தலைக்கு மேல் கிளை அசைந்தது.

அங்கே அது குந்தியிருந்தது. பைக்குள்ளிருந்து ஆபேலின் தலை மட்டும் வெளியே. வாயோரம் பால்.

"எனக்க பிள்ளயத் தந்துரு," என்று சட்டையைப் பிரித்து மாரைக் காட்டிக் கதறினாள். "அவனுக்குப் பசிக்கும்லா... தந்துரு..."

ஆபேல் அம்மாவின் குரலுக்குத் திரும்பினான். ஒருமுறை பார்த்தான். மறுபடி பைக்குள் முகம் புதைத்துக் குடித்தான். அது அவன் உச்சந்தலையை நக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குச் சாடியது.

துரத்தினாள். இடுப்புக் கயிறு அவளைச் சுண்டி நிறுத்தியது. பின்னால் தூளி ஆடியது.

மேலே, ஒவ்வொரு சாட்டத்துக்கும் பிள்ளை கிலுகிலுவென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மரத்துக்கு மரம் தள்ளிப்போய், பனிக்குள் மலையேறிக்கொண்டே இருந்தது.