விழுங்கிய சரணம்

மூன்றாவது சரணம் முடிந்த பிறகும் அக்கார்டியன் ஓயவில்லை.

முப்பத்தொரு வருடமாக ‘லொரியான்’ பாட்டுக்கு மூன்றே சரணம்தான். ஞாயிறு மதியம், அதே லொரியான் துறைமுக நகரத்து அரங்கில், நரைத்த தலைகளுக்கு முன்னால் மெட்டு இன்னொரு சுற்று ஓடியது. பாடகி மாரிவோன் சிரித்துச் சமாளித்துவிட்டு, இடைவேளையில் வாத்தியக்காரன் லொயிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடா, தூக்கமா? எதுக்கு இழுத்த?”

“நானா? சத்தியமா மூணோட நிறுத்திட்டேன் மதாம். அப்புறமும் முனகிக்கிட்டு நின்னது நீங்கதான்.”

நாலாவது சரணம் ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் கடைசியில், ‘பாட்டைக் கட்டியது யார்?’ என்று கேட்டுத் தங்கள் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார்கள். அர்மெலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். மத்தி மீன் ஆலையில் மாரிவோனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். இருமி இருமிச் சாகக் கிடந்தபோது, உப்புத்தண்ணீரில் வெளுத்த விரல்களால் காகிதத்தைத் திணித்து, “என் பேரோட பாடுடி” என்றாள். மூச்சு அடங்கியதும் மாரிவோன் அந்தச் சரணத்தைக் கிழித்தாள். தாதி வரும் சத்தம். வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். அன்றுமுதல் பாட்டு இவள் பெயரில். சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னைக் காறித் துப்பிக்கொள்ளாத நாளில்லை. ஒருவரிடமும் வாய் திறந்ததுமில்லை.

இடைவேளைக்குப் பின் அரங்கம் அதே பாட்டை மறுபடி பாடச் சொல்லிக் காலால் தட்டியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று மேடையேறினாள். பெயரைச் சொன்னால் தீர்ந்தது.

மூன்று சரணமும் பாடினாள். ஈரக் கம்பளி வாடை, மத்தி மீன் வாடை, இரண்டும் கலந்து மூக்கில் ஏறின. லொயிக் வாத்தியத்தை மடக்கிவிட்டான். இசை ஓயவில்லை.

நாலாவது சரணம் எழுந்தது. யாரும் கேட்டிராத சரணம். ஒரு சொல் பிசகாமல். அரங்கில் ஒரு உதடும் அசையவில்லை.

பாட்டைக் கட்டியது யார்?

இசை நின்றது. முந்நூறு முகம். காத்திருந்தன.

அர்மெல். ஒரே சொல். சொல்லித் தொலை.

முதல் வரிசையில் நகரத் தலைவரின் மனைவி பூங்கொத்தோடு பாதி எழுந்திருந்தாள். மாரிவோனுக்காக வாங்கிய பூ.

“நான்தான்,” என்றாள் மாரிவோன்.

யாரோ இருமினார்கள். நீண்ட, ஈர இருமல். எங்கே என்று தேடினாள். அத்தனை கண்ணும் அவள் வாயின்மேல். பூங்கொத்து கீழே விழுந்தது. வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை.

வெளுத்த நாலு விரல்கள் உள்ளிருந்து வந்து, அவள் கீழ் உதட்டைப் பற்றின.