நாலாவது இணைப்புப் படம்

"ஐயோ... சார்! கதவைத் திறங்க!"

குளிர் அறைக்குள்ளிருந்து அலறல். மைனஸ் முப்பது டிகிரி!

வெளியே புரொபசர் கதவின் கைப்பிடியில் இரும்புக் கம்பியைச் செருகிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக் கொண்டிருந்தார். விடுமுறை. லேபில் ஈ, காக்கா இல்லை.

உள்ளே இருப்பது அவருடைய ஆராய்ச்சி உதவியாளர். கல்யாணமாகி நாற்பது நாள்.

செய்த குற்றம்? புது இதய மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் பதினொரு பேர் செத்ததை மறைக்க மாட்டேன் என்றாள். அவ்வளவுதான்!

போன் அடித்தது. ஆராய்ச்சிப் பத்திரிகையின் எடிட்டர்.

"சார், கட்டுரை ரெடி. இணைப்புல நாலாவது படம் மட்டும் வரலை. பன்னிரண்டுக்குள்ள வரலைன்னா கட்டுரையை மறந்துடுங்க!"

மணி பதினொன்று இருபது.

புரொபசருக்கு வியர்த்தது. முப்பது வருடம், நூறு கட்டுரை. ஒரு படம்கூட அவர் கைப்பட அனுப்பியதில்லை. பெரிய மனிதர் அல்லவா!

லேப்டாப்போடு வந்து, கதவிலிருந்த இன்டர்காமை அழுத்தினார்.

"ஏம்மா... செத்தவங்க வரிசையை எக்செல் ஷீட்ல மறைச்சிட்டேன். படத்தை எப்படி அனுப்பறது? சொல்லு, திறக்கறேன்."

"நி... நிஜமாவா சார்?"

"நீ என் பொண்ணு மாதிரிம்மா!"

அவள் பற்கள் தந்தியடித்தன.

"ஷீட்ல இருக்கற படத்தை... காப்பி பண்ணுங்க. இணைப்பு ஃபைல்ல... அப்படியே ஒட்டி அனுப்புங்க..."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்... திறங்க... விரலெல்லாம் மரத்துப் போச்சு..."

ஒட்டினார். அனுப்பினார்.

"தேங்க்ஸ்ம்மா!"

உள்ளே எரிந்த விளக்கையும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாவி!

நாலு மணிக்கு மறுபடி போன்.

"சார், கட்டுரை வெளியாயிடுச்சு. ஆனா நீங்க ஒட்டின படத்தை டபுள் கிளிக் பண்ணா, பின்னாடி முழு ஷீட்டும் திறக்குது! மறைச்ச வரிசையை யாரோ பிரிச்சுட்டாங்க. பதினொரு சாவு, வயசு, தேதி... எல்லாரும் டவுன்லோட் பண்றாங்க!"

அடிப்பாவி... சாகும்போதும் கழுத்தறுத்துவிட்டாளே!

போனை அணைக்காமலே ஓடினார். கம்பியை உருவிக் கதவைத் திறந்தார். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமைகளில் உறைபனி.

"எழுந்திரு! இதை எப்படி அழிக்கறது? சொல்லு!"

உலுக்கினார். உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள். எப்போதோ விறைத்துப் போயிருந்தாள்.

புரொபசர் போனைக் காதில் வைத்தார்.

"எடுத்துடுங்க... உடனே கட்டுரையை எடுத்துடுங்க!"

"எடுக்கலாம் சார். ஆனா கட்டுரைல பேர் இருக்கற ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும். அதான் எங்க விதி."

எடிட்டர் தொண்டையைச் செருமினார்.

"உங்க உதவியாளர்கிட்ட போனைக் குடுங்க சார்... இப்பத்தானே எழுப்பிட்டிருந்தீங்க, இன்னுமா எழுந்திருக்கலை?"