ஆட்கள் நான்கு

ஆனைக்குட்டம் தாண்டி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் மாரிசெல்வி. காலண்டர் கம்பெனிக்குக் காட்டுப் படம் ஒன்று வேண்டுமாம். நேரில் பார்த்து ஆயில் பெயிண்டில் வரைய வந்திருந்தாள். ஓட்டுநர் பாண்டிச்செல்வத்துக்கு இடம் பிடிக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடச் சொல்லி ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

வேம்பும் உடைமரமும் மண்டிய அந்தக் காடு ஒன்பது வருடம் முன்பு பட்டாசுக் கம்பெனி. படம் வரையத் தொடங்குமுன் அவள் வேலை பார்த்த அறையில் சுவர்கள் மட்டும் மிச்சம். உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று வாசலில் எழுதிய ‘ஆட்கள் 4’ இன்னும் அழியவில்லை. அன்று அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள், அறை வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பெண்களும் கருகிப்போனார்கள். அந்த இடத்தை வெறும் மரங்களாக வரைந்து முடித்தால் மனசு ஆறும் என்று நம்பித்தான் வந்தாள்.

வெயிலில் ஈரப் பெயிண்ட் மின்னிக் கண் கூசும். நிழலுக்காக அறைக்குள் ஸ்டாண்டை நிறுத்தினாள். அப்போதெல்லாம் வெடிமருந்து அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. வாசலில் கிடக்கும் ஜோடிகளை எண்ணித்தான் போர்மேன் உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பார். பழகிய கால் புத்தியைக் காட்டிவிட்டது. யோசிக்காமலே கழற்றிப் போட்டிருந்தாள்.

வேப்பமரம் ஒன்று முடிந்தது. டர்பன்டைன் நெடியை மீறி வெடிமருந்து நெடி எழுந்தது.

காற்று நின்றது.

ஈர இலைகளின் மேல் வெள்ளி நிறத்தில் விரல் தடங்கள். பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி அப்பிய விரல்கள். துணியால் துடைத்தாள். கண்ணெதிரே மறுபடி பதிந்தன.

மூன்று கைகள்.

“ஏட்டி மாரி,” காதருகே, அன்று கருகிப்போன பாலம்மாள் கிசுகிசுத்தாள். “தண்ணி குடிக்க இம்புட்டு நேரமா?”

மாரிசெல்வி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் பாண்டிச்செல்வம் வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில்தான் கேட்டார்.

“செருப்பை எங்கக்கா விட்டீக?”

அப்போதுதான் அவள் தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

அவள் தனியாகக் குடியிருக்கும் வீடு. பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. வாசற்படியில் வரிசையாக நாலு ஜோடிச் செருப்பு. மூன்று கருகியவை. நாலாவது அவளுடையது.

உள்ளே யாரோ குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.