கப்பல் போட்ட பொற்காசு

"ஞானம்! இந்தப் பெட்டியை ஆர் திறந்தது?"

கணவன் தில்லைநாதனின் குரல் கேட்டதும் ஞானாம்பிகை பால்செம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பொன்னுருக்குக்கு இன்னும் அரை மணித்தியாலம். கொழுந்தன் அருளம்பலத்தின் தாலிக்குப் பொன் உருக்க, கனகசபாபதிப் பத்தர் முற்றத்துப் பந்தலில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

தில்லைநாதன் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேடிச் சேர்த்த பழங்காசுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. வேரோடு பிடுங்கிய மரத்தை ஊன்றி நிற்கும் காட்டுமனிதன், மீன்வால் கடற்கன்னி, எல்லாம் வெள்ளி. தங்கத்தில் ஒன்றே ஒன்று: ஒருபக்கம் சிறகு முளைத்த பறவைநாகத்தைக் குத்தும் குதிரைவீரன், மறுபக்கம் புயலில் ஒரு கப்பல். அதுதான் காணவில்லை.

"திறப்பு உம்மட்டைத்தானே இருந்தது? காட்டுமனிசன் இருக்கிறான், கடற்கன்னி இருக்கிறாள்... குதிரைக்காரன் மட்டும் தானாய் ஓடிட்டானோ?"

ஞானாம்பிகைக்குத் தெரியும். தாலிக்கு வாங்கிய பவுண் காசும் பத்திரத்துக்காக அதே பெட்டியில்தான் இருந்தது. அதிலும் ஒரு குதிரைவீரன், ஒரு பறவைநாகம்; மறுபக்கத்தில் மட்டும் ராசாவின் தலை. விடியற்காலையில் மாமனார் ஏரம்பு பெட்டிச் சாவியை வாங்கி, தன் கையாலேயே காசை எடுத்து, மஞ்சள் பூசிச் சாமித் தட்டில் வைத்தார். பிறகு பெட்டியைப் பூட்டப் போனவள், பவுண் அப்படியே கிடக்க, கப்பல்காசு போயிருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள். சாமிக்கு முன் வைத்த பொன்னை மாற்றும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதைவிட, மாமாவின் கண் மங்கி வருவது அவளுக்கு மட்டுமே தெரியும். சபையில் அது வெளிப்பட்டால் மனிதர் கூனிப்போவாரே! பவுணை மடியில் முடிந்துகொண்டாள்.

"நான்தான் எடுத்தனான். பிறகு சொல்லுறன்."

"ஆருக்குக் குடுத்தனீர்? உம்மடை தங்கச்சிக்கோ?"

அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. "முருகா..." என்று மட்டும் சொல்லிப் பாலை இறக்கினாள்.

பந்தலில் ஏரம்பு தட்டை நீட்டினார். பத்தர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ஐயா, பவுணிலை ராசாவையும் காணேல்லை, ராணியையும் காணேல்லை... கப்பலெல்லோ ஓடுது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஏரம்பு சிரிக்கவில்லை. வீட்டுக்குள் மகன் போட்ட சத்தத்தின் பொருள் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"தில்லை, உவள் எடுக்கேல்லையடா. நான்தான் மாறி எடுத்துப்போட்டன். எனக்கு... நாலு மாதமாய்க் கண் வடிவாய்த் தெரியேல்லை, மோனை." மருமகளின் பக்கம் திரும்பினார். "நீ ஏன் பிள்ளை எனக்காகப் பேச்சு வாங்கினனி?"

"உங்கடை கையாலை குடுக்கவேணுமெண்டு எவ்வளவு ஆசைப்பட்டனீங்கள், மாமா..."

கிழவர் விம்மியபடி அவள் தலையில் கை வைத்தார். அவள் மடியை அவிழ்த்துப் பவுணை நீட்டினாள்.

"அப்ப மாத்துவமோ?" என்றார் பத்தர்.

எல்லாக் கண்களும் தில்லைநாதன் மேல். அவர் பொற்காசை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு பத்தரிடமே கொடுத்தார்.

"சாமிக்கு வைச்சது. உருக்குங்கோ! இந்தக் குதிரைக்காரனும் இவ்வளவு காலம் நாகத்தோடை சண்டை பிடிச்சது காணும், இனிக் குடும்பம் நடத்தட்டும். அந்தப் பவுண் ஐயாவின்ரை கண் ஒப்பரேசனுக்கு."

பந்தல் கலகலத்தது. குதிரைவீரன் மெல்ல உருகினான். தில்லைநாதன் மனைவியின் அருகில் வந்து நின்றார்.

"ஞானம்... உம்மை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சேலைத் தலைப்பை நீட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் கேலியாய்ப் பார்க்கப் பார்க்க, அவர் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.