நாலாவது டப்பா

குதிரைச் சாணத்தில் பார்த்த அதே முட்டை நாயின் மலத்திலும் இருந்தது. கண்ணாடித் துண்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தாள். இல்லை. சரியாகத்தான் வைத்திருந்தாள்.

தம்பி நடத்தும் விலங்கு மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. முட்டையின் ஓட்டைப் பார்த்தே புழுவின் பேரைச் சொல்லிவிடுவாள். நாயின் குடலில் குடியிருக்கும் கொக்கிப்புழு குதிரையிடம் போகாது, குதிரையின் புழு பூனையை எட்டியும் பார்க்காது. இந்த முட்டைக்கோ அவளிடம் பேரில்லை. ஒரு முனை கூம்பி, உள்ளே நூல் போலச் சுருண்ட ஏதோ ஒன்று சோம்பலாகப் புரண்டது.

பூனையின் டப்பாவைத் திறந்தாள். உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததைக் கண்ணாடியில் ஏந்திப் பார்த்தாள். அதிலும் அதே.

வெளியே மதிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. பினாயில் வாடையையும் மீறி ஈர ரோமத்தின் வாடை அந்தச் சின்ன அறையில் கனத்துக் கிடந்தது. காலையில் தம்பி ஒரு பண்ணை வீட்டிலிருந்து கொண்டுவந்த நாயும் பூனையும் மூலைக் கூண்டுகளில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றோடு வந்த குதிரை வெளியே, கம்பி போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது. மழைக்குப் பயந்து மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

தட்டில் நாலாவதாக ஒரு டப்பா இருந்தது. சீட்டு ஒட்டவில்லை. அதையும் பார்த்தாள். முட்டைகள் மொய்த்துக் கிடந்தன.

கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான்.

"இது எந்த மிருகத்தோடதுடா? சீட்டே ஒட்டலையே?"

"அதுலயும் இருக்கா அக்கா?"

"எல்லாத்தையும் விட அதுலதான் அதிகம். எதோடது, சொல்லேன்."

"என்னோடது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், முகத்தை மாற்றாமல் புளுகுவான். ஆனால் அவன் திரும்பிக் கதவைப் பூட்டியதும் சிரிப்பு நின்றது.

"அந்த வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"அங்க யாரும் இல்லக்கா. இதுங்க மட்டும்தான் வாசல்ல நின்னுச்சு. எனக்காக."

"சரி, பயப்படாதே. எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு. சாவியக் குடு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"பயமா? நல்லா இருக்குக்கா. தனியா இருக்கற மாதிரியே இல்ல."

சொல்லிவிட்டு, மாத்திரை போடுகிறவனைப் போலச் சாவியை நாக்கில் வைத்து விழுங்கினான். அது தொண்டையில் சிக்கி, புடைத்து, கீழே இறங்கியது. அவன் கண் கூடக் கலங்கவில்லை.

அவள் கதவை இழுத்தாள். அடித்தாள். கூப்பிட்டாள். மழை அத்தனையையும் விழுங்கிக்கொண்டது. போன் முன்னறையில், கைப்பையில் கிடந்தது.

அவன் அவளை மெல்ல விலக்கிவிட்டுக் கூண்டுகளைத் திறந்தான். கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். நாய் அவன் மடியில் படுத்தது. பூனை தோளில் ஏறியது.

அவள் சுவரோடு ஒட்டினாள்.

அப்போதுதான் கவனித்தாள். நாயின் விலா ஏறி இறங்கியது. பூனையின் விலாவும். அவன் மார்பும். ஒரே நேரத்தில். ஜன்னல் கண்ணாடியில் குதிரையின் மூச்சு வெள்ளையாகப் படர்ந்தது. மறைந்தது. அதே தாளத்தில்.

ஏறியது. இறங்கியது.

தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள்.

அதுவும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாயின் விலா நின்றது. பூனையின் விலா நின்றது. கண்ணாடி தெளிந்து, அப்படியே தெளிவாக இருந்தது.

அவள் நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது.

வாயைப் பாதி திறந்தபடி, அன்பாக, அவள் முதலில் மூச்சு விடட்டும் என்று தம்பி காத்திருந்தான்.